சுவரில் ஒரு துளை: காளிக்குப்பம் சோதனை மெய்ப்பித்தது என்ன?

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கூட்டு ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையில் மாணவர் ஒருவர் மிகச் சரியாக 9.8 என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பார். "அலைவு நேரத்தை எத்தனை முறை அளந்தாய், தம்பி?" என்று கேட்டால் விழிப்பார். விடை சரிதான். ஆனால் அது அவர் செய்த சோதனையிலிருந்து வந்ததன்று, பாடநூலிலிருந்து வந்தது. ஒரு விடை எங்கிருந்து வந்தது என்று கேட்பதே அறிவியலின் முதற்பாடம்.

உலகப் புகழ் பெற்ற கல்விச் சோதனை ஒன்றைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. பொது இடத்தில் ஒரு கணிப்பொறியை வைத்து, அதற்கு இணைய இணைப்பும் கொடுத்துவிட்டால், ஆசிரியர் இல்லாமலேயே பிள்ளைகள் எதையும் கற்றுக்கொள்வார்கள் என்பது அச்சோதனையிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவு. அதற்குச் சான்றாகக் காட்டப்படுபவர்களுள் முக்கியமானவர்கள் தமிழ் பேசும் கிராமத்துச் சிறுவர் சிறுமியர். ஆகவே, இதை நாம் ஊன்றிப் பார்ப்பது பொருத்தமே.

கல்காஜியில் தொடங்கிய கதை

1999 ஜனவரி 26 அன்று புதுடில்லியின் கல்காஜிப் பகுதியில், என்.ஐ.ஐ.டி. என்ற கணிப்பொறிப் பயிற்சி நிறுவனத்தின் அலுவலகச் சுற்றுச்சுவரில் ஒரு துளை போடப்பட்டது. சுவருக்கு அப்பால் குடிசைப் பகுதி. துளையில் ஒரு கணிப்பொறியின் திரை தெருவை நோக்கி வைக்கப்பட்டது. இணைய இணைப்பும் உண்டு. இதைச் செய்தவர் அந்நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவராக இருந்த சுகதா மித்ரா. அவர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். எவரும் கற்றுக்கொடுக்கவில்லை, எந்த விளக்கப் பலகையும் வைக்கப்படவில்லை. சில மணி நேரத்திற்குள் தெருப்பிள்ளைகள் இணையப் பக்கங்களைத் திறக்கவும், ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கவும் தொடங்கிவிட்டனர்.

இச்செய்தி உலகெங்கும் பரவியது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த நிதி நிறுவனம் ஒன்றும் இம்முயற்சியில் முதலீடு செய்தது. இந்தியாவின் பல பகுதிகளிலும் 'சுவர்க் கணிப்பொறிகள்' நிறுவப்பட்டன. 2013-ஆம் ஆண்டில் டெட் அமைப்பின் 10 லட்சம் டாலர் பரிசும் மித்ராவுக்குக் கிடைத்தது.

இதுவரை சொன்னதில் ஐயுறுவதற்கு எதுவுமில்லை. கணிப்பொறியைக் கண்டு ஏழைப் பிள்ளைகள் மிரள்வார்கள், படித்த பிள்ளைகளுக்கே அது கைவரும் என்று அந்நாளில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை ஒரே நாளில் உடைத்தது கல்காஜிச் சுவர். அந்தப் பெருமையை மித்ராவுக்குத் தயக்கமின்றிக் கொடுக்க வேண்டும்.

ஆயினும், ஒரு கருவியைக் கையாளக் கற்பது வேறு. அக்கருவியின் வழியே ஒரு பாடத்தைக் கற்பது வேறு. மிதிவண்டி ஓட்டப் பழகிய பிள்ளைக்குப் போக வேண்டிய ஊருக்கு வழி தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காண நடத்தப்பட்டதே காளிக்குப்பம் சோதனை.

மரத்தடிக் கணிப்பொறி

காளிக்குப்பம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூர். தமிழே அங்குள்ள பிள்ளைகளின் மொழி. அவர்களிடம் மித்ரா கொடுத்த பாடமோ மூலக்கூறு உயிரியல். உயிரணு பிரியும்போது அதனுள் இருக்கும் டி.என்.ஏ. மூலக்கூறு தன்னைத் தானே படியெடுத்துக்கொள்கிறது அல்லவா? அது எவ்வாறு நடக்கிறது என்பது போன்ற செய்திகள். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில். ஆசிரியர் கிடையாது. தெருவோரத்துப் பொதுக் கணிப்பொறி மட்டுமே உண்டு.

பின்னர் மேடைப் பேச்சுகளில் இச்சோதனையை மித்ரா சுவையாக விவரித்திருக்கிறார். தொடக்கத்தில் தேர்வு வைத்தபோது மதிப்பெண் சுழி. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, தங்களுக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்றனர் பிள்ளைகள். டி.என்.ஏ. தவறாகப் படியெடுக்கப்பட்டால் நோய் வரும் என்பதைத் தவிர வேறொன்றும் புரியவில்லை என்று ஒரு சிறுமி சொன்னாளாம்! தேர்வு வைத்ததில் சுழி 30 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அதன்பின் ஊரில் பிள்ளைகளுக்குப் பழக்கமான 22 வயதுப் பெண் ஒருவரை அவர் அணுகினார். அப்பெண்ணுக்கு உயிரியல் தெரியாது. 'பாட்டிமார் செய்வது போலச் செய்யுங்கள். பின்னால் நின்று வியந்து பாருங்கள், இது என்ன, எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள்' என்பது மித்ரா அவருக்குச் சொன்ன வழி. மேலும் இரண்டு மாதத்தில் மதிப்பெண் 50 விழுக்காட்டை எட்டியது.

இச்சோதனையைப் பற்றி மித்ராவும் ரீத்து தங்வாலும் எழுதிய ஆய்வுரை 2010-இல் பிரிட்டனின் கல்வித் தொழில்நுட்ப ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. கணிப்பொறி மட்டும் துணையாக இருந்த கட்டத்தில் காளிக்குப்பத்துப் பிள்ளைகள் அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவர்களோடு ஒப்பிடத்தக்க மதிப்பெண் பெற்றனர் என்றும், துணையாள் வந்தபின் டில்லியின் சிறந்த தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமமாயினர் என்றும் அது கூறுகிறது. அந்த இரு பள்ளிகளிலும் இப்பாடம் ஆசிரியர்களால் நடத்தப்பட்டிருந்தது.

படிக்கும்போது நெஞ்சம் நிறைகிறது. நம் பிள்ளைகளன்றோ! ஆனால், நெஞ்சம் நிறையும்போதுதான் அளவுகோலை இன்னும் கவனமாகப் பிடிக்க வேண்டும்.

செய்முறை ஏட்டைத் திருத்துவோம்

ஒரு மாணவரின் செய்முறை ஏட்டைத் திருத்துவது போல் இச்சோதனையைத் திருத்திப் பார்ப்போம்.

முதலாவது, ஒப்பீடு. ஒரு காரணியின் விளைவை அறிய வேண்டுமானால் மற்றக் காரணிகளை மாறாமல் வைத்திருக்க வேண்டும். கம்பியின் நீளத்தை மாற்றி மின்தடையை அளக்கும்போது, அதன் தடிமனையும் சேர்த்து மாற்றினால் முடிவு பயன்படாது. காளிக்குப்பத்துப் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒரே பாடப்பொருளைச் சுற்றி வந்தார்கள். பள்ளி மாணவர்களுக்கோ அது பல பாடங்களுள் ஒன்று. வாரத்தில் சில மணி நேரமே அதற்குக் கிட்டும். இரு சாராரும் செலவிட்ட நேரம் சமமன்று. எனவே, மதிப்பெண் சமமாக இருப்பதனால் கற்பிக்கும் முறைகளும் சமம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, பார்ப்பவரின் பாதிப்பு. வெளியூரிலிருந்து ஓர் அறிஞர் வந்து, கடினமான பாடம் ஒன்றைக் கொடுத்து, 'திரும்பி வருவேன்' என்று சொல்லிச் செல்கிறார். வந்து தேர்வும் வைக்கிறார். அந்த எதிர்பார்ப்பே பிள்ளைகளுக்கு ஊக்கம் அளிக்காதா? வெப்பமானியை நீரில் வைத்தால் அது நீரின் வெப்பத்தில் சிறிதளவை எடுத்துக்கொள்கிறது. அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றுகிறது. ஒருவரும் வந்து பாராத நூறு ஊர்களில் நூறு கணிப்பொறிகள் என்ன செய்யும் என்பதை இந்த ஓர் ஊர் நமக்குச் சொல்லாது.

மூன்றாவதே மிக முக்கியமானது. சுழியிலிருந்து 30, 30-இலிருந்து 50. இந்த இரண்டு படிகளையும் தனித்தனியே பாருங்கள். இரண்டாவது படியில் புதிதாக வந்தது எது? கணிப்பொறி அதுவே. பிள்ளைகள் அவர்களே. பாடமும் அதுவே. கூடுதலாக வந்தவர் ஒரு மனிதர். டில்லிப் பள்ளிக்குச் சமமானது அவர் வந்த பின்புதான். கணிப்பொறி மட்டும் இருந்தபோது கிட்டியது, அதே ஆய்வுரை சிறப்பில்லாதது என்று கருதிய அரசுப் பள்ளி ஒன்றின் நிலைக்கு ஒப்பானதே. ஆக, ஆசிரியர் வேண்டாம் என்பதற்குச் சான்றாக உலகம் கொண்டாடும் சோதனை, பிள்ளைகளின் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பதற்கே வலுவான சான்றாக இருக்கிறது.

இங்கும் நாம் நேர்மையுடன் இருக்க வேண்டும். துணையாள் வந்தபோது காலமும் இரண்டு மாதம் கூடியது. உயர்வில் எவ்வளவு அவரால், எவ்வளவு காலத்தால் என்று பிரித்தறிய, துணையின்றியே நான்கு மாதம் படித்த மற்றொரு குழு வேண்டும். மித்ரா ஒப்பிட்டுக் காட்டிய குழுக்களோ இரண்டு பள்ளிகளைச் சேர்ந்தவை. எனவே, என் முடிவையும் வாசகர்கள் ஐயத்துடனேயே ஏற்க வேண்டுகிறேன்.

மித்ராவின் பிற்காலப் பணியே இம்முடிவின் பக்கம் சாய்கிறது என்பது கவனிக்கத்தக்கது. 2009-இல் அவர் பிரிட்டனில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் பிறரையும் திரட்டி, இணையத் திரை வழியே இந்தியப் பிள்ளைகளோடு உரையாடச் செய்தார். ஆசிரியரில்லாச் சுவரில் தொடங்கியவர் பாட்டிமாரைத் தேடிப் புறப்பட்டார்! சோதனை காட்டிய வழியில் தன் கருத்தைத் திருத்திக்கொள்வது அறிவியலாளருக்கு இழுக்கன்று, அழகே. ஆனால், அவருடைய முதற் கூற்றை மட்டும் பிடித்துக்கொண்ட திட்டக்காரர்கள் இந்தத் திருத்தத்தைக் கவனிக்கவில்லை.

பார்வையாளர் போனபின்

சுவர்க் கணிப்பொறிகளைப் பிறர் போய்ப் பார்த்தபோது என்ன கண்டார்கள்? 2000-இல் டில்லியில் அமைக்கப்பட்ட நிலையம் ஒன்றை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மார்க் வார்ஷாவர் நேரில் சென்று பார்த்தார். இணைய இணைப்பு பெரும்பாலும் வேலை செய்யவில்லை. இந்தியில் பாடப்பொருள் எதுவும் இல்லை. பிள்ளைகள் படம் வரைவதிலும் விளையாட்டிலுமே பொழுதைக் கழித்தனர். சொல்லித்தர ஆளில்லையே என்று பெற்றோர் சிலர் குறைப்பட்டனர் என்று அவர் எழுதினார். பின்னர் இமயமலை அடிவாரத்து அல்மோராப் பகுதியில் ஆய்வு செய்த பாயல் அரோரா, அங்கே நிறுவப்பட்ட இரண்டு நிலையங்களும் செயலற்றுப் போயிருந்ததை 2010-இல் விவரித்தார்.

இதில் வியப்பில்லை. வெட்டவெளியில் நிற்கும் எந்தக் கருவியும் தூசிக்கும் வெயிலுக்கும் மின்தடைக்கும் ஆளாகும். குழாயடிக் கைப்பம்பு பழுதானால் ஊரே கூச்சலிடும். ஏனெனில், குடிநீர் எல்லோருக்கும் வேண்டும். சுவர்க் கணிப்பொறி பழுதானால் யார் கூச்சலிடுவார்கள்? அதை 'நம்முடையது' என்று ஊர் எண்ணியிருந்தால்தானே?

அதே புதுச்சேரியில் வேறொரு சோதனை

ஊர் தன்னுடையதாக எண்ணிய கணிப்பொறிகளும் உண்டு. அதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அதே புதுச்சேரியே போதும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை நடுவாகக் கொண்டு அங்குள்ள கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. இடத்தை ஊரார் கொடுக்க வேண்டும். சாதி வேறுபாடின்றி எல்லோரும் உள்ளே வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். உள்ளூர்த் தன்னார்வலர்கள், அவர்களுள் பலர் பெண்கள், பயிற்சி பெற்று மையத்தை நடத்தினர்.

மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் அம்மையம் செய்த வேலையைப் பாருங்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு வெளியாகும். அது ஆங்கிலத்தில் இருக்கும். எண்களும் வரைபடமுமாக இருக்கும். தன்னார்வலர் அதை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவிப்பார். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று மீனவர் முடிவு செய்வார். இணையம் ஊருக்குள் வந்தது. ஆனால் ஒரு மனிதரின் வாய்வழியாக, ஊர் மொழியில் வந்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நல்லவாடு என்ற கடலோர ஊரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 3,500-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர். உண்மையைச் சொன்னால், அந்தச் செய்தியைக் கொண்டு வந்தது இணையமன்று. ஆனால், அந்த ஒலிபெருக்கியை அங்கே வைத்ததும், கடல்நிலையை அதில் நாள்தோறும் கேட்டு நம்பும் பழக்கத்தை வளர்த்ததும் அந்த மையமே. அந்த நம்பிக்கையை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

இன்று இது ஏன் முக்கியம்?

"இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறதே; பொதுக் கணிப்பொறியைப் பற்றி ஏன் பேச வேண்டும்?" என்று வாசகர் கேட்கலாம். கைப்பேசியும் ஒரு துளைதான். சுவரில் இருந்த துளை இப்போது சட்டைப்பைக்கு வந்திருக்கிறது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மித்ராவின் முதற் கூற்றை நாடே சோதித்துப் பார்த்தது எனலாம். கருவி வழியே பாடம் போயிற்று. கருவி இல்லாத வீடுகளின் நிலை ஒருபுறம் இருக்க, கருவி இருந்த வீடுகளிலும் கற்றல் இடைவெளி விழுந்தது. அதை நிரப்பத் தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது. காளிக்குப்பத்தின் 22 வயதுப் பெண்ணை ஒவ்வொரு தெருவிலும் தேட வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான குறை ஒன்றும் நம்மிடம் உண்டு. இ-சேவை மையத்திற்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஆள் இருக்கிறார். நல்ல சேவையும் கிடைக்கிறது. ஆனால், திரையும் விசைப்பலகையும் அவர் பக்கம் திரும்பியிருக்கும். சான்றிதழ் வாங்க வந்தவர் பத்தாம் முறை வந்தாலும் மேசைக்கு இப்பால் நின்றுதான் வாங்கிப் போவார். சுவர்க் கணிப்பொறியில் மக்கள் உண்டு, துணையாள் இல்லை. சேவை மையத்தில் துணையாள் உண்டு, மக்களின் கை விசைப்பலகையில் படுவதில்லை. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்டது: பொதுமக்களின் கை விசையில் இருக்க, அவர்களுக்குப் பின்னால் ஒருவர் நிற்கும் இடம்.

இதற்கு ஏற்ற இடம் ஊர் நூலகமே என்பது என் கருத்து. எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றில் கணிப்பொறி இரண்டு உண்டு. உறை போட்டுப் பத்திரமாக மூடப்பட்டிருக்கின்றன. நூலகரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. புத்தகம் கொடுப்பது, வாங்குவது, கணக்கெழுதுவது எல்லாம் அவர் ஒருவரே. கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. திறப்பு விழா நடத்தலாம், படம் எடுக்கலாம். ஆளுக்கு ஊதியம் மாதந்தோறும் வரும் செலவு. அதற்குத் திறப்பு விழா கிடையாது. ஆசிரியர் வேண்டாம் என்ற முழக்கம் இத்தனை பேருக்கு இனித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல்

காளிக்குப்பத்துப் பிள்ளைகள் தெரியாத மொழியில் கற்றதை ஒரு சாதனையாக உலகம் வியக்கிறது. எனக்கு வியப்போடு வருத்தமும் உண்டு. தமிழ்வழியில் படித்து வந்து என் வகுப்பில் சேரும் முதலாண்டு மாணவர்கள், ஆங்கில நூலில் 'வெலாசிட்டி' என்று படிப்பது தாங்கள் முன்பே நன்கறிந்த திசைவேகம்தான் என்று உணர்வதற்குள் சில வாரங்கள் கழிந்துவிடுகின்றன. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கதவு வேறு பக்கம் இருக்கிறது, அவ்வளவே. அதே பாடம் நல்ல தமிழில் இருந்திருந்தால் அப்பிள்ளைகள் இரண்டு மாதத்தில் 30-ஐத் தாண்டி எங்கே போயிருப்பார்கள்? அந்த அளவீட்டை யாரும் எடுக்கவில்லை. தடையோடு ஓடிய பிள்ளையைப் பாராட்டுவோம். அதற்காகத் தடை நல்லது என்று சொல்லாதிருப்போம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

குறை கூறுவதோடு நிற்பது அறிவியலாகாது. மாணவர்களே, இச்சோதனையை உங்கள் ஊரில் நீங்களே செய்து பார்க்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரியுங்கள். இரு குழுவுக்கும் அவர்கள் படித்திராத ஒரே பாடப்பொருளைத் தமிழில் கொடுங்கள். சந்திர கிரகணம் ஏன் மாதந்தோறும் வருவதில்லை என்பது போல. ஒரே வகைக் கருவி, நாளுக்கு ஒரே அளவு நேரம், இரண்டு வாரம். ஒரு குழுவுக்கு மட்டும் பாடம் தெரியாத அக்கா ஒருவர் உடனிருந்து 'அது எப்படி?' என்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். முன்னும் பின்னும் தேர்வு வையுங்கள். விடைத்தாளில் குழுவின் பெயர் வேண்டாம். திருத்துபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை தேர்வு வைத்தால், நினைவில் நின்றது எவ்வளவு என்பதும் தெரியும்.

இருபது பேரைக் கொண்டு பெரிய முடிவுகள் எடுக்க முடியாது என்பது உண்மையே. பல ஊர்களில் செய்து முடிவுகளை ஒன்று சேர்த்தால் ஐயம் குறையும். முடிவு என் கருத்துக்கு மாறாக வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஊசல் சோதனையில் 9.8 வராதபோது, வந்ததை அப்படியே எழுதி, ஏன் வரவில்லை என்று யோசிக்கிற மாணவரைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும்.